சிவகளை நெல்லும் மாஞ்சோலைத் தேயிலையும்: பொருநை அருங்காட்சியகம் போகுமுன் தெரிய வேண்டியவை

திருநெல்வேலி ரெட்டியார்பட்டி மலைப் பகுதியில் பொருநை அருங்காட்சியகம் 2025 டிசம்பரில் திறக்கப்பட்டது. பொருநை என்பது தாமிரபரணியின் பழைய பெயர். அதிலிருந்து இந்தப் பக்கம் நெல்லின் வயது பெரிய பேச்சாகிவிட்டது. சிவகளையில் கிடைத்த நெல்லுக்கு 3,200 வயது என்கிறார் ஒருவர். இல்லை, 5,300 என்கிறார் இன்னொருவர். அப்படியானால் தாமிரபரணிக் கரையில் விவசாயம் தொடங்கியதே அப்போதுதானா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

இதே ஆற்றின் தலைமாட்டில், மாஞ்சோலை மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வீட்டைக் காலி செய்து கீழே இறங்கிய சேதியும் 2024 முதல் வந்துகொண்டிருக்கிறது. பிறந்து வளர்ந்த வீடு அவர்களுக்கு எப்படிச் சொந்தமில்லாமல் போனது என்பது பலருக்கும் விளங்கவில்லை.

இரண்டும் தொடர்பில்லாதவை போலத் தெரியும். ஆனால் நெல்லானாலும் தேயிலையானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான்: தண்ணீர் எப்படி வந்தது, நிலம் யார் பெயரில் இருந்தது, உழைத்தவருக்குக் கூலி எப்படி அளக்கப்பட்டது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு போனால்தான் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருள் பேசும்.

முதலில் எல்லை

சிவகளை, ஆதிச்சநல்லூர், கொற்கை மூன்றும் இன்று தூத்துக்குடி மாவட்டம். 1986 வரை அவை திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தன. ஆறு மாவட்ட எல்லை பார்த்து ஓடுவதில்லை என்பதால் இந்தக் கட்டுரையில் ‘திருநெல்வேலிச் சீமை’ என்றால் பொதிகை முதல் கடல் வரை என்றே கொள்ளவும்.

சிவகளையில் எதை அளந்தார்கள்?

சிவகளைப் பரம்பில், அதாவது மேட்டு நிலத்தில், முதுமக்கள் தாழிகள் ஏராளம். இறந்தவரின் எலும்புகளையும் அவருக்கு வேண்டிய பொருள்களையும் இட்டுப் புதைத்த பெரிய மண்கலங்கள் அவை. அங்கு 2020இல் தொடங்கிய அகழாய்வில், ஒரு தாழிக்குள் மண்ணோடு நெல் உமி கிடைத்தது. அந்த மாதிரியை அமெரிக்காவின் மயாமி நகரில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வந்த காலம் கி.மு. 1155. இதை 2021 செப்டம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். 1155ஐயும் 2021ஐயும் கூட்டினால் 3,176. அதைத்தான் ‘3,200 ஆண்டு’ என்று முழுமையாக்கிச் சொல்கிறோம்.

காலத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? படிப்படியாகப் பார்த்துவிடலாம்.

1. காற்றில் உள்ள கரியமில வாயுவில் மிகச் சிறு அளவு கார்பன்-14 இருக்கிறது. பயிர் உயிரோடு இருக்கும்வரை அதை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும்.

2. கதிர் அறுத்ததும் அந்த வரவு நின்றுபோகிறது. உள்ளே இருக்கும் கார்பன்-14 ஒரே சீராகக் குறையத் தொடங்கும். 5,730 ஆண்டில் பாதியாகிவிடும்.

3. எனவே எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் அறுத்து எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்கிடலாம். சிவகளை வயதுள்ள நெல்லில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சியிருக்கும்.

4. பழைய முறைக்குக் கைப்பிடிக் கணக்கில் மாதிரி வேண்டும். இப்போதுள்ள முடுக்கி நிறை நிறமாலைமானி (AMS) என்ற கருவி அணுக்களையே எண்ணிவிடுவதால் சில மில்லிகிராம் போதும். உமி மாதிரி சின்னப் பொருளின் காலத்தைக் கணிக்க முடிவது அதனால்தான்.

காலக் கணிப்புக்கு நெல் மிக நல்ல மாதிரி. ஒரே போகத்தில் விளைந்து அதே போகத்தில் அறுபடுவது அது. மரக்கரியில் ஒரு சிக்கல் உண்டு: இருநூறு வருஷம் நின்ற மரத்தின் உள்வயிரத்தை எரித்த கரி, எரித்த நாளைவிட இருநூறு வருஷம் பழசாகக் காட்டும். நெல்லுக்கு அந்த ஐயம் வராது.

அப்படியானால் 5,300 எங்கிருந்து வந்தது?

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு இரும்பின் தொன்மை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் சிவகளையின் மிகப் பழைய காலமாகச் சொல்லப்பட்டது கி.மு. 3345. அதுதான் 5,300 ஆண்டு. அது இரும்புப் பொருள்களோடு கிடைத்த வேறு மாதிரிகளின் காலம். நெல்லின் காலம் அல்ல. ஒரே ஊர்ப்பெயர் இரண்டு செய்தியிலும் வந்ததால் எண்கள் கலந்துபோய்விட்டன.

ஒரு புதைமேட்டில் எல்லாத் தாழிகளும் ஒரே காலத்தில் வைக்கப்பட்டவை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஊர் இடுகாட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தினார்கள். ஒரு தாழியின் வயதை அடுத்த தாழிக்கு ஏற்றிச் சொல்லக் கூடாது.

அந்த நெல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை?

அது உறுதியாகச் சொல்வது இதுதான்: கி.மு. 12ஆம் நூற்றாண்டில் இந்தச் சீமையில் இறந்தவரோடு சேர்த்து வைக்கும் அளவுக்கு நெல் மதிப்புள்ள பொருளாக இருந்தது. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அகழ்ந்த அலெக்சாண்டர் ரீயும் தாழிகளுக்குள் இருந்த பானைகளில் நெல் உமியும் சிறுதானிய உமியும் கண்டதாக எழுதியிருக்கிறார். ஆகவே இது ஓர் ஊரில் மட்டும் நடந்த தற்செயல் இல்லை.

அது சொல்லாதவை பல. நாற்றுப் பாவி நட்டார்களா, நேரடியாக விதைத்தார்களா? ஆற்றுப் பாய்ச்சலா, மானாவாரியா? இங்கேயே விளைந்ததா, வெளியூரிலிருந்து வந்ததா? ஒரு கைப்பிடி உமியை வைத்துக்கொண்டு இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. கூட முளைத்த களையின் விதைகள், வயல்மண், கருவிகள், குடியிருப்புப் பகுதி என்று பல பக்கமிருந்தும் சான்று சேர வேண்டும். கி.மு. 1155இல் நெல் சாகுபடி ‘தொடங்கியது’ என்று சொல்வதும் தவறு. அந்தக் காலத்தில் அது இருந்தது என்று மட்டுமே சொல்லலாம்.

இன்றும் சாவு வீட்டில் வாய்க்கரிசி போடுகிறோம். தாழி நெல்லைப் பார்க்கும் எவருக்கும் அந்த நினைவு வரத்தான் செய்யும். எனக்கும் வருகிறது. ஆனால் மூவாயிரம் ஆண்டாக அறுபடாமல் வந்த வழக்கம் இது என்று சொல்ல, நடுவில் உள்ள ஒவ்வொரு காலத்துக்கும் சான்று வேண்டும். இந்த நிதானம் இல்லாவிட்டால் உண்மையான பெருமையையும் சேர்த்து இழந்துவிடுவோம்.

தண்ணீர்: இரண்டு மழை, எட்டு அணைக்கட்டு

திருநெல்வேலியில் நெல் நிலைத்ததற்குக் காரணம் மண்ணைவிட ஆறுதான். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஒரு மழைதான் பெரிது. பொதிகை மலையோ தென்மேற்குப் பருவமழையிலும் நனையும், வடகிழக்கிலும் நனையும். அதனால்தான் இங்கே இரண்டு போகம்:

1. கார்: ஜூன் மாதம் தண்ணீர் திறந்து, ஆவணி புரட்டாசியில் அறுப்பு. மேற்கே பெய்யும் சாரலை நம்பியது. மழை முந்தி, அணையில் இருப்பும் இருந்தால் முன்கார் என்று இன்னும் சீக்கிரமே விதைப்பதுண்டு.

2. பிசானம்: ஐப்பசி கார்த்திகையில் நட்டு, மாசி பங்குனியில் அறுப்பு. பரப்பிலும் விளைச்சலிலும் இதுதான் பெரிய போகம்.

ஆற்றுநீர் வயலுக்கு ஏறுவது எட்டு அணைக்கட்டுகளால். மேலிருந்து கீழாக: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவற்றில் கடைசியான ஸ்ரீவைகுண்டம் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. அரசுக் கணக்கில் தாமிரபரணிப் பாசனம் 86,107 ஏக்கர்.

பாபநாசம், மணிமுத்தாறு மாதிரி நீரைத் தேக்கி வைப்பவை அல்ல இந்த அணைக்கட்டுகள். ஆற்றின் குறுக்கே, பெரும்பாலும் சாய்வாக, தாழ்வாகக் கட்டிய கற்சுவர். நீர்மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கால்வாய்த் தலைமதகுக்குள் திருப்பிவிடும். மிஞ்சியது சுவருக்கு மேலே வழிந்து அடுத்த ஊர் அணைக்கட்டுக்குப் போகும். தலைமடைக்காரன் முழுதும் அமுக்கிவிட முடியாதபடி அமைந்த ஏற்பாடு இது. இருந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் போதவில்லை என்ற சண்டை எந்தக் காலத்திலும் ஓய்ந்ததில்லை.

கால்வாய் அப்புறம் குளங்களை நிரப்பும். சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாய்தான் திருநெல்வேலி டவுன் நயினார்குளத்துக்கு நீர் கொண்டுவருகிறது. குளத்தில் தேங்கியது மடை வழியாக வயலுக்குப் பாயும். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு என்று மடையைத் திறந்து அடைத்தவர்கள் மடைக்குடும்பர்கள். ராத்திரியில் மண்வெட்டியோடு வரப்பில் நின்று ஊர்ச் சோற்றைக் காத்தவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பேழையில் வைக்க ஒரு மண்வெட்டிதான் மிஞ்சியிருக்கிறது.

களத்தில் நடந்த கணக்கு

நெல் பற்றிய எந்த அருங்காட்சியகத்திலும் கலப்பை, மேழி, பரம்புப் பலகை, கமலைச் சால், உரல், உலக்கை, சுளகு, குலுக்கை என்று வரிசையாக வைத்திருப்பார்கள். பார்த்துக்கொண்டே நடந்துவிடுவோம். இரண்டு பொருள்களிடம் மட்டும் கொஞ்சம் நேரம் நிற்பது நல்லது.

ஒன்று, விதைக்கோட்டை. வைக்கோலைப் பிரியாக முறுக்கி, அடுக்கி, நடுவில் காய்ந்த விதைநெல்லைக் கொட்டி, உருண்டையாக இறுக்கிக் கட்டுவார்கள். மேலே சாணம் மெழுகிக் காயவைப்பார்கள். ஈரம் ஏறாது, பூச்சி எளிதில் நுழையாது, அடுத்த போகத்துக்கு முளைப்பும் குறையாது. கட்டத் தெரிந்த கை வேண்டும், பிரி தளர்ந்தால் எல்லாம் வீண். விதை வீட்டிலேயே இருந்த காலத்தின் சாட்சி அது. அப்புறம் விதை பண்ணையிலிருந்து வரத் தொடங்கியது. அம்பாசமுத்திரத்தில் 1937இல் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அங்கே உருவாகி 1986இல் வெளிவந்த அம்பை 16, குண்டரிசி விரும்பும் தென்மாவட்டம் முழுக்கப் பரவியது.

இன்னொன்று, நெல் அளக்கும் மரக்கால். இந்தச் சீமையில் 21 மரக்கால் ஒரு கோட்டை. நெல்லை மட்டுமல்ல, நிலத்தையும் அதனாலேயே அளந்தார்கள். ‘ஒரு கோட்டை விதைப்பாடு’ என்றால் ஒரு கோட்டை விதை பிடிக்கும் வயல். வயசானவர்களிடம் கேட்டால் ஏக்கர் சொல்லமாட்டார்கள், விதைப்பாடுதான் சொல்வார்கள்.

சூடடித்து, தூற்றி, பொலி குவித்த பிறகு களத்திலேயே பங்கு பிரியும். நிலத்துக்காரருக்கு மேல்வாரம், உழுதவருக்குக் குடிவாரம், அறுத்தவர்களுக்குக் கூலி நெல், மடைக்குடும்பருக்கும் ஊர்த் தொழிலாளர்களுக்கும் அவரவர் பங்கு. எல்லாம் மரக்காலால். இங்கேதான் நுணுக்கம். மரக்காலைக் குவித்து அளக்கலாம், தலைதட்டியும் அளக்கலாம். இரண்டுக்கும் ஒரு கை, இரண்டு கை நெல் வித்தியாசம் வரும். கோட்டைக்கு 21 தடவை அந்த வித்தியாசம் சேரும். அளப்பது யார் கை என்பதில் ஒரு குடும்பத்தின் சோறு இருந்தது. கோயில்களும் மடங்களும் பெரிய பண்ணைகளும் நஞ்சையில் பெரும்பங்கை வைத்திருந்த சீமையில், வயலில் இறங்கிய பெரும்பாலோருக்கு அந்த வயல் சொந்தமில்லை.

இதற்கு எழுத்துச் சான்றும் உண்டு. தாமிரபரணியில் சிற்றாறு வந்து கலக்கும் சீவலப்பேரியைக் களமாகக் கொண்ட முக்கூடற்பள்ளு, விதைநெல்லின் பெயர்களை அடுக்குகிறது, மாடுகளின் வகைகளை அடுக்குகிறது. அதே பாட்டில்தான் பண்ணைக்காரன் பள்ளனைக் குட்டையில், அதாவது காலைப் பிணைக்கும் மரக்கட்டையில், மாட்டி வைப்பதும் வருகிறது. நெல்வகைப் பட்டியலை மட்டும் எடுத்துச் சுவரில் எழுதி வைத்துவிட்டு, குட்டையை விட்டுவிடுவது நியாயமில்லை.

மேலே தேயிலை: மாஞ்சோலை எப்படி வந்தது?

பொருநை அருங்காட்சியகம் அகழாய்வுப் பொருள்களுக்காக எழுந்தது. தேயிலைத் தோட்டம் அதன் எல்லைக்குள் வராது. ஆனால் ஆற்றின் கதையில் அது உண்டு. வரிசையாகச் சொன்னால் குழப்பம் குறையும்.

1. மணிமுத்தாற்றுக்கு மேலே உள்ள காடு சிங்கம்பட்டி ஜமீனுக்கு உரியதாக இருந்தது. 1929இல் ஜமீன் அதில் 8,374 ஏக்கரை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. முடியும் ஆண்டு 2028.

2. காட்டை வெட்டித் தோட்டம் போட ஆள் வேண்டும். ஆள் சேர்க்கும் கங்காணிகள் மூலம் திருநெல்வேலிச் சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலோர் தலித் மக்கள். அட்டைக் கடியிலும் விடாத மழையிலும் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று குடியிருப்புகள் எழுந்தன.

3. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1952இல் சிங்கம்பட்டி ஜமீனும் அரசிடம் போனது. நிலத்தின் உடைமை அரசுக்கு மாறினாலும் குத்தகை தொடர்ந்தது.

4. 1988இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் அமைந்தது. 2018இல் சிங்கம்பட்டிக் காடு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை நீளும் வாய்ப்பு இதோடு இல்லாமல் போனது.

5. 2024இல் நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்தது. தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்று கேட்ட மனுக்களை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஆண்டு டிசம்பரில் தள்ளுபடி செய்தது.

இடையில் 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், சிறையிலிருந்தவர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனது. போலீஸ் தடியடியில் சிதறியவர்கள் ஆற்றுக்குள் இறங்கினார்கள். கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். திருநெல்வேலியின் உழைப்பு வரலாற்றை யார் எங்கே காட்சிக்கு வைத்தாலும் இந்த நாள் அதில் இருக்க வேண்டும்.

வேலை முடிந்தால் வீடும் முடிவது ஏன்?

பலரும் கேட்கும் கேள்வி இது. நான்கு தலைமுறையாக இருந்த வீடு எப்படிச் சொந்தமில்லாமல் போகும்?

பதில் 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைகளுக்குக் கல்வி வசதி எல்லாம் முதலாளி தர வேண்டும் என்றது அது. அந்தக் காலத்தில் பெரிய பாதுகாப்புதான். ஆனால் அந்தக் குடியிருப்பு வேலையோடு ஒட்டியது. லயன் எனும் தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, கொழுந்து பறித்தே கிழவியானாலும் பட்டா ஏறாது. இங்கே இன்னொரு முடிச்சும் உண்டு: நிலம் நிறுவனத்துக்கே சொந்தமில்லை, குத்தகைதான். தன்னிடம் இல்லாத உரிமையைக் குத்தகைதாரர் தொழிலாளிக்கு எழுதித் தரவும் முடியாது.

கீழே வயலிலும் மேலே தோட்டத்திலும் நிலைமை இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறது. கீழே மரக்கால் செய்த வேலையை மேலே கொழுந்து நிறுக்கும் தராசு செய்தது.

தண்ணீரிலும் ஒரு தொடர்பு உண்டு. மாஞ்சோலை மலையில் விழும் மழை 1958இல் கட்டி முடித்த மணிமுத்தாறு அணைக்குத்தான் வருகிறது. அங்கே காடு திரும்ப வளர்ந்தால் கீழே உள்ள பாசனத்துக்கு நன்மை. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதன் விலையை, காட்டை வெட்டச் சொன்னவர்களை விட்டுவிட்டு, வெட்டக் கூலி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் மட்டும் கொடுப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இப்போதே சேகரிக்க வேண்டியவை

தாழி நெல் மண்ணுக்குள் மூவாயிரம் ஆண்டு காத்திருந்தது. தோட்டத்துப் பொருள்கள் அப்படிக் காத்திருக்காது. மலையின் ஈரத்தில் தகரமும் மரமும் சில பருவமழையிலேயே போய்விடும். கொழுந்துக்கூடை, கவ்வாத்துக் கத்தி, சம்பளப் புத்தகம், ரேஷன் அட்டை, பள்ளிக்கூடப் பதிவேடு எல்லாம் இறங்கிவந்த குடும்பங்களோடு கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், திருநெல்வேலி என்று சிதறிக் கிடக்கின்றன. ஒரு லயன் வரிசையை இடிக்காமல் விட்டு வைப்பதும், முதியவர்களின் பேச்சைக் குரலிலேயே பதிவு செய்வதும் பெரிய செலவு பிடிக்கிற வேலை அல்ல. தொல்லியல் துறையோ பல்கலைக்கழகமோ யார் செய்தாலும் சரி, குத்தகை முடியும் 2028க்கு முன் செய்தால்தான் உண்டு.

போகிறவர்களுக்கு

முதலில் ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுத் திருச்செந்தூர் சாலையில் போங்கள். ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த குழியையும் தாழிகளையும் இருந்த இடத்திலேயே, கண்ணாடித் தளத்தின் வழியாகக் காணலாம். பக்கத்திலேயே ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. நீர் வழியும்போது பார்த்தால் எட்டு அணைக்கட்டு ஏற்பாடு ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

மாதம் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஜூன் கடைசியில் போகலாம், காருக்கு நடுகை நடக்கும். அல்லது மாசியில் போகலாம், பிசான அறுப்பு. சித்திரை வைகாசியில் போனால் காய்ந்த வயலும் மெஷினில் அறுத்த தாளும்தான் இருக்கும்.

மாஞ்சோலைக்கு மணிமுத்தாறு வழியாகத்தான் பாதை. புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை அனுமதி வேண்டும், மழைக்காலத்தில் அடைத்துவிடுவதும் உண்டு. அம்பாசமுத்திரத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.